கொட்டச்சேட்டில் நான் செத்துப்போன கதை

தொலைபேசி மணி அடித்தபோது நான் தீயணைப்பு நிலைய வாசலில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மாசிக் கடைசி. ஏற்காட்டில் மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் கொட்டிய சருகு காலடியில் அப்பளமாக நொறுங்கியது. அந்த மாதிரி நாட்களில் மணி அடித்தால் அது தீயாகத்தான் இருக்கும்.

தீ என்று போன் செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'எரியுது, எரியுது, சீக்கிரம் வாங்க' என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். எங்கே எரிகிறது என்பது நம்முடைய ஞான திருஷ்டிக்கு விடப்படும். ஒருமுறை ஒண்டிக்கடை முனையில் வண்டியை நிறுத்தி, இங்கே எங்கேயாவது எரிகிறதா என்று டீக்கடையில் விசாரித்திருக்கிறோம். உங்களுக்கே தெரியாதா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அன்று பேசியது ஒரு பெண் குரல். பதற்றமே இல்லை.

"கொட்டச்சேட்டு போஸ்டாபீஸ்ல இருந்து பேசறேனுங்க. பக்கத்துத் தோட்டத்துல குமிச்சு வெச்ச காப்பித் தொலி புடிச்சுக்கிச்சு. எங்க விறகுக் கொட்டாய்க் கூரைக்கு ஏறிருச்சு. கோயில் சந்துல வந்தா வண்டி திரும்பாது, ஸ்கூல் பக்கமா வாங்க. எஸ்டேட் தொட்டியில தண்ணி இருக்குதுங்க."

என் வேலைக்காலம் முழுவதிலும் இவ்வளவு சுத்தமான அழைப்பு ஒன்று வந்ததில்லை. பயிற்சிப் பள்ளியில் பாடமாக வைக்கலாம். வழக்கப்படி, நிலைய அலுவலர் தங்கவேலு பேசுகிறேன் என்று சொல்லி, அவர் பெயரைக் கேட்டேன்.

தீ எரிகிற வீட்டிலிருந்து பேசுகிறவர் பெயர் சொல்ல எதற்காக யோசிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மரகதமுங்க. ரைட்டர் ஆறுமுகத்து மகள்."

கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. பொறுக்கவில்லை. மணியை அடிக்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

துண்டு பீடி

இந்தத் தொடரில் இதுவரை என்னை ஒரு வீரனாகவே காட்டி வந்திருக்கிறேன். கிணற்றில் விழுந்த மாட்டை எடுத்தேன், தேன்கூட்டைக் கலைத்தேன், பள்ளத்தில் தொங்கிய காரைக் கயிறு கட்டி இழுத்தேன் என்றெல்லாம் எழுதினேன். ஒரு வாசகி, இவ்வளவு தீயை அணைத்த உங்கள் வாழ்க்கையில் காதல் தீ பற்றியதே இல்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பற்றியது அம்மா. நான்தான் பற்ற வைத்தேன். ஆனால் முதலில் எரிந்தது வீடு.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. குப்பனூரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. சேர்வராயன் மலைக்கு ஏறும் இரண்டாவது சாலை எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுப்பவரை ரைட்டர் என்பார்கள். கொட்டச்சேட்டு ரைட்டர் ஆறுமுகம் வாரம் ஒருமுறை சாமான் வாங்கக் கீழே இறங்கி வருவார். அவர் மகள் மரகதத்தை எனக்குப் பேசி முடித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற நாங்கள் மலை ஏறிப் போனோம்.

அன்று அவள் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். காப்பி எடுத்துக்கச் சொன்னாள். சக்கரை போதுமா என்று கேட்டாள். காப்பியில் சக்கரை போடவே இல்லை. போதும் என்றேன். காதல் என்பது இதுதான் என்று எட்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் எங்கள் வீடு எரிந்தது.

அப்பாவுக்குப் பீடி பிடிக்கிறவனைக் கண்டால் ஆகாது. கடையில் கட்டுக் கட்டாகப் பீடி விற்பார், அது வேறு. எங்கள் ஊர் இளவட்டங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெரியவர் வரும் சத்தம் கேட்டால் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைக் கூரை இறவாரத்து ஓலை இடுக்கில் செருகிவிடுவோம். அப்புறமாக வந்து எடுத்துப் பற்ற வைக்கலாம். குப்பனூரில் எந்த இறவாரத்தைத் தடவினாலும் நாலு துண்டு பீடி கிடைக்கும். யாருடைய துண்டு எங்கே என்பது அவரவர்க்குத் தெரியும். திருட்டும் உண்டு.

அன்று நடுப்பகல். மாட்டுக் கொட்டகையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் செருமல் கேட்டது. தேய்த்தேன், செருகினேன், நல்ல பிள்ளையாகக் கடைக்குப் போய் வெல்லம் நிறுத்தேன். தேய்த்தது போதவில்லை. அரை மணி நேரத்தில் கொட்டகை எரிந்து, வைக்கோல்போர் எரிந்து, வீட்டுக் கூரையும் எரிந்தது. அம்மா ஓடிப்போய் மாட்டை அவிழ்த்து விட்டாள். உயிர்ச்சேதம் இல்லை.

சேலத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க எதுவும் மிச்சமில்லை. வந்தவர்கள் சும்மா திரும்பக் கூடாதே என்று கரிமேல் தண்ணீர் அடித்துவிட்டுப் போனார்கள்.

சாம்பல் ஆறுவதற்குள் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தவள்.

"வெத்தலை பாக்கு மாத்தி எட்டு நாளாவலை. காலு வெக்கறதுக்கு முந்தியே ஊட்டைத் தின்னுட்டாளே" என்றாள்.

கூடி நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பெண்ணின் ராசி என்று முடிவாகிவிட்டது. மறுநாள் இரண்டு பெரியவர்கள் மலை ஏறிப் போய் வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டைக் கொளுத்தினவள் என்ற பெயரை அந்தப் பெண்ணுக்கு வைத்துவிட்டு வந்தார்கள்.

அத்தை பேசும்போது நான் பக்கத்தில்தான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அது என் பீடி என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்பா இரண்டு அறை விடுவார். அந்த இரண்டு அறைக்குப் பயந்து, எரிந்த வீட்டைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்தேன். இருபத்து நாலு வயதுத் தடியனுக்கு அவ்வளவு பயம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காரணம்: மின்கசிவு

அடுத்த வருஷம் தீயணைப்புத் துறையில் ஆள் எடுத்தார்கள். எதற்காக இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று அதிகாரி கேட்டார். எங்கள் வீடு என் கண் முன்னால் எரிந்தது ஐயா என்றேன். அவர் நெகிழ்ந்துபோய் என்னைத் தேர்வு செய்துவிட்டார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில், ஊர்க்கூட்டங்களில் எல்லாம் அதையே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எங்கள் வேலையில் தீயை அணைப்பது பாதிதான். மீதி, அறிக்கை எழுதுவது. அதில் 'தீ விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காரணம் தெரியாதபோது மின்கசிவு என்று எழுதுவது நான் பார்த்த வழக்கம். மின் இணைப்பே இல்லாத குடிசைகள்கூட மின்கசிவால் எரிந்திருக்கின்றன. நான் அப்படி எழுத மாட்டேன். சாம்பலைக் கிளறி, கரிக்கட்டையை முகர்ந்து பார்த்து, உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து எழுதுவேன். கண்டிப்பான அதிகாரி என்று பெயர் எடுத்தேன். மற்றவர்கள் வீட்டுத் தீயில் கண்டிப்புக்கு என்ன குறைச்சல்.

எனக்கும் பிறகு பெண் பார்த்தார்கள். இதில்தான் வேடிக்கை. வீடு எரிந்த ராசி மாப்பிள்ளைக்கு ஒட்டவே இல்லை. நாலைந்து இடத்திலிருந்து ஜாதகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பெண் காப்பித் தம்ளரோடு வருவாள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன். கடமைக்காகக் கல்யாணத்தைத் துறந்தவன் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

வீடு எரிந்து பதினேழு வருஷம் இப்படியே போயிற்று. ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தபோது கொட்டச்சேடு நம் எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பார்த்தேன். வந்தது. அங்கே தீயே பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

பச்சைத் தழை

வண்டி ஓட்டியவர் முனுசாமி. மலை வண்டியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அரைத் தொட்டியோடு வளைவில் திரும்பினால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாடி வண்டியைப் பள்ளத்துக்குத் தள்ளப் பார்க்கும். அன்று நிரம்பிய தொட்டியோடு ஒன்றுவிடாமல் எல்லா வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். எனக்கு அது மெதுவாகவும் இருந்தது, வேகமாகவும் இருந்தது. போய்ச் சேர வேண்டும், ஆனால் சேர்ந்துவிடவும் கூடாது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போனோம். அவள் சொன்னது அப்படியே சரி. வண்டி திரும்பியது, தொட்டியில் தண்ணீர் இருந்தது, குழாய் எட்டியது. ஊர் அஞ்சலகம் அவள் பொறுப்பு; தபால் பையையும் முத்திரைகளையும் பள்ளிக்கூடத்து மேஜையில் ஏற்கெனவே கொண்டுபோய் வைத்திருந்தாள். விறகுக் கொட்டகை முடிந்துபோயிருந்தது. வீட்டின் ஓட்டுக் கூரைக்குக் கீழே மரச்சட்டம் புகையத் தொடங்கியிருந்தது. குழாயை அங்கே திருப்பச் சொன்னேன்.

தீயின் ஒரு கை தோட்டத்துப் பக்கம் புல்லில் ஓடியது. அங்கே குழாய் போகாது. பச்சைத் தழையை ஒடித்துத் தரையோடு அடித்துத்தான் அணைக்க வேண்டும். பத்துப் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கைக்கு அடக்கமான கிளையை எடுத்து, ஓங்காமல் அமுக்கி அமுக்கி அடித்தாள். ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். எங்கள் புதுப் பையன்களுக்கே அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மாதம் ஆகும்.

நானும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று அடித்தேன். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை மட்டும், "உங்க கால்ல பொறி" என்றாள். பார்த்தேன். என் பேன்ட் மடிப்பில் சருகு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தட்டிவிட்டேன்.

நாற்பதை நெருங்கும் வயது. காதோரம் நரை. முகமெல்லாம் கரி. பதினேழு வருஷத்துக்கு முன்னால் காப்பித் தம்ளருக்குப் பின்னால் சரியாகப் பார்க்காத முகத்தை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். அழகாக இருந்தாள். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

என் மரணச் செய்தி

தீ அடங்கியதும் கட்டத்தை நிரப்பும் வேலை. பக்கத்துத் தோட்டக்காரர் சடையன் அறுபது வயது மனிதர். காப்பித் தொலிக் குவியல் அவருடையது. கிளறிப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் கொட்டிய தடம் தெளிவாக இருந்தது. உள்ளே கங்கு கிடந்திருக்கிறது. உங்கள் சாம்பல்தான் காரணம் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போய், அறியாப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார்.

"காலங்காலமா அங்கதானுங்க சாம்பலைக் கொட்டறேன். ஒரு நாளாச்சும் புடிச்சுதுங்களா? அந்தப் போஸ்டம்மா ராசி அப்படிங்க. கீழ குப்பனூர்ல ஒரு மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணாங்க. எட்டாம் நாள் ஊடு பத்திக்கிச்சு. மாப்பிள்ளைப் பையன் உள்ள மாட்டிக் கருகிச் செத்தே போயிட்டானுங்க."

செத்துவிட்டானா என்று கேட்டேன்.

"ஆமாங்க. நல்ல பையனாமுங்க. அதுக்கப்பறம் யாருங்க அந்தப் புள்ளையைக் கட்டுவாங்க?"

அறிக்கைப் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றேன். ராசி என்ற சொல் மலை ஏறி வந்தபோது சும்மா வரவில்லை, ஒரு பிணத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. இந்த ஊரில் பதினேழு வருஷமாக நான் செத்தவன், நல்ல பையன். உயிரோடு இருக்கும் அவள்மேல் என் சாவையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான்தான் அந்தப் பையன் என்று. முனுசாமி குழாயைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சீருடையும் அதில் குத்திய பட்டையும் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை.

காரணம்: அடுப்புச் சாம்பல் என்று எழுதிவிட்டு அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் என் பேனா நின்றது. அவள் பார்த்தாள்.

"தகப்பனார் பேரே போடுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டாள். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள்.

தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்

பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரண உடையில் பஸ் ஏறிப் போனேன். அறிக்கையின் நகல் கொடுக்க வந்தேன் என்றேன். அஞ்சலகம் என்பது அவள் வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு தொலைபேசி. அப்பா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள்.

அன்றைக்கு வீட்டைக் கொளுத்தியது என் துண்டு பீடி என்று சொன்னேன். பயிற்சி எடுத்துக்கொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. பீடி, இறவாரம், அப்பா, செருமல் என்று உளறினேன்.

அவள் நகலை மடித்து உறையில் போட்டாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை நான் சாகும்வரை மறக்க முடியாது.

நிச்சயத்தன்று நான் கொல்லைப்பக்கம் போய் பீடி பிடித்திருக்கிறேன். அவள் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அவள் அப்பா வரும் சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போலத் தேய்த்து, அவர்கள் விறகுக் கொட்டகையின் புல் கூரையில் செருகிவிட்டுப் போய்விட்டேன். கூரையில் புகை வந்திருக்கிறது. அவள் ஓடிப்போய் அதை உருவி வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறாள். எட்டு நாள் கழித்துக் குப்பனூரில் வீடு எரிந்த செய்தி வந்ததும் அவளுக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கய்யன்கிட்டச் சொன்னேனுங்க. பொண்ணு சொன்னா யாரு நம்புவான்னாரு. சரி, நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு மாசம் நொம்ப நம்பிக்கையா இருந்தேன். அப்பறம் சும்மா இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அவள் ஒரு தபால்கார்டை எடுத்து எடை போட்டாள். தபால்கார்டை யாரும் எடை போடுவதில்லை. அவளுக்கும் கை சும்மா இருக்கவில்லை என்று புரிந்தது.

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் இடைமறித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே சொல்லி என்னங்க புண்ணியம்? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க. இந்த ஊருக்கு நீங்க செத்துப்போனவரு. உசுரோட வந்து சொல்லுங்க."

சாக்கும் சத்தியமும்

சித்திரையில் தீத்தொண்டு வாரம் வரும். ஊர் ஊராகப் போய்த் தீ அணைக்கும் முறையை நடத்திக் காட்ட வேண்டும். அந்த வருஷம் பட்டியலில் கொட்டச்சேட்டை நானே சேர்த்தேன்.

முதல் மழை பெய்து காப்பி பூத்திருந்தது. ஊர் முழுக்க அந்த வாசனை. பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எண்ணெய்ச் சட்டியில் தீ வைத்து ஈரச் சாக்கால் மூடிக் காட்டினேன். பிறகு என் வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கினேன். எங்கள் வீடு என் கண் முன்னால் எரிந்தது என்று சொல்லி நிறுத்தினேன். முனுசாமி, கைதட்டல் வரும் இடம் என்று தயாராக இருந்தார்.

குப்பனூரில் எரிந்த அந்த வீடு என்னுடையது என்றேன். நிச்சயம் செய்த மாப்பிள்ளை நான்தான், சாகவில்லை, எரித்தது என் பீடி, அதை மறைத்து ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன் என்றேன். ஐம்பது அடி உயரத்தில் ஏணியில் நின்றபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

சடையன்தான் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசுங்க ஐயாவுக்கு. ஒரு பொம்பளைப் புள்ளை பேரு கெடக் கூடாதுன்னு, செத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

எல்லாரும் கைதட்டினார்கள்.

பதினேழு வருஷம் பொய்யை வைத்துக் கைதட்டு வாங்கினேன். ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னேன், அதற்கும் கைதட்டு. இல்லை, நிஜமாகவே நான்தான் என்று மன்றாடினேன். மன்றாட மன்றாட என் பெருந்தன்மை வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் சடையனே ஒரு பரீட்சை வைத்தார். ராசி இல்லை, பீடிதான் காரணம் என்றால், ஐயா இப்போது அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வாரா என்று கேட்டார். கேலி இல்லை. அவருக்கு அது நேரான கணக்கு.

கட்டிக்கொள்கிறேன் என்றேன். கையில் ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அவரு கட்டிக்கறது இருக்கட்டுமுங்க. எனக்கு வேணுமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தபால் பை கட்டும் நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். முதல் தடவையாகக் கூட்டம் அவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ராசி கெட்டவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

வாரம் ஒரு கடிதம்

அதன் பிறகு வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போனேன். அவளிடமே உள்நாட்டுக் கடிதத் தாள் ஒன்று வாங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, அவள் பெயருக்கே முகவரி இட்டு, அவள் வீட்டு வாசலில் தொங்கிய பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். அவள் பெட்டியைத் திறந்து, தேதி முத்திரை குத்தி, தனக்குத் தானே பட்டுவாடா செய்துகொள்வாள். விதியை மீற மாட்டாள். நான் போட்ட அன்றே பிரித்துப் படித்ததாகவும் தெரியவில்லை.

காதல் கடிதம் எழுத எனக்கு வராது. அறிக்கைதான் வரும். முதல் கடிதமே இப்படி: தீப்பிடித்த நேரம், நடுப்பகல். காரணம், தங்கவேலுவின் பீடி. தகவல் தாமதம், பதினேழு வருஷம். தாமதத்துக்குக் காரணம், தங்கவேலுவின் கோழைத்தனம். அடுத்த வாரம் போனபோது ஒரே ஒரு பதில் சொன்னாள். முகவரியில் பின்கோடு தப்பு என்றாள்.

அவள் கேட்காமலே ஒரு காரியம் செய்தேன். குப்பனூருக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். அத்தைக்கு எண்பது வயது, காது நன்றாகவே கேட்டது. பீடிக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"உன்ற பீடி ஊட்டைக் கொளுத்தோணும்ங்கறது அவ ராசியில இருந்துருக்குது, கண்ணு" என்றாள்.

இதை அப்படியே அடுத்த கடிதத்தில் எழுதினேன். அந்த வாரம்தான் மரகதம் சிரித்ததைப் பார்த்தேன். முன்னறையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள், குத்துவதை நிறுத்திவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. கொட்டச்சேட்டில் பாதிப் பேர் இன்றைக்கும் நான் பழியை ஏற்ற தியாகி என்றுதான் நம்புகிறார்கள். மீதிப் பாதி, எரிந்த மாப்பிள்ளைக்கு நான் தம்பி என்கிறார்கள். ஆனால் அவள் ராசியைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிற்று. வேணுமான்னு கேட்டீங்களா என்றவளிடம் ராசி பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

மறு வருஷம் ஆடி மாதம், நிலையத்துக்கு என் பெயரில் ஒரு கடிதம் வந்தது. முனுசாமிதான் கொண்டுவந்து கொடுத்தார். கொட்டச்சேட்டு முத்திரை, அழுத்தமாக, ஒரு எழுத்தும் சிதையாமல் குத்தப்பட்டிருந்தது.

'தங்கள் கடிதங்கள் யாவும் கிடைத்தன. மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தினமும் உங்களை மனதுக்குள் திட்டி வருகிறேன். கேட்க ஆள் இல்லாமல் திட்டுவது அலுத்துவிட்டது. ஆவணியில் நாள் பாருங்கள். இனிமேல் பக்கத்திலிருந்து கேளுங்கள். மரகதம்.'

ஆவணியில் கல்யாணம் நடந்தது. திட்டு இன்று காலை வரை வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த நேரத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். எழுத்தெல்லாம் மங்கியது. என்ன சார், கண்ணில் தண்ணீர் என்று முனுசாமி கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்கள் வேலையில் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. புகை என்போம். வெளியே பார்த்தேன். மூன்று நாளாக ஆடிச் சாரல். மலையில் எங்கேயும் ஒரு பொட்டுத் தீ இல்லை.